மீன்காரனுக்குக் காத்திருந்த பெண்

ஜேபஸ் ஹோல்ராய்டு தன் மனைவி டார்கஸை வரைந்தபோது அவள் மீன்காரனுக்குக் காத்திருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அதற்குப் பிறகு லண்டனில் ஒருவர்கூட இதை நம்பவில்லை.

கென்டிஷ் டவுனில் அவர்கள் குடியிருந்த வீட்டின் பின்கதவு பாதி திறந்திருந்தது. வெளியே தூறல். டார்கஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒரு கையைத் தாழ்ப்பாளில் வைத்தபடி சந்தின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாட்ஸ் என்ற மீன்காரன் விடிந்ததும் ஹாடக் மீன் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். விடிந்து வெகுநேரமாகிவிட்டது. அவள் முகத்தில் பசியும் எரிச்சலும் இருந்தன. சாம்பல் நிற வெளிச்சம் அவள் கழுத்துப்பட்டியில் வந்து விழுந்தது.

"அப்படியே நில்லு," என்றான் ஜேபஸ்.

"மீன் வந்தா?"

"வந்தாலும் நில்லு."

ஜேபஸ் ஹாலிஃபாக்ஸ் ஊர் நெசவாளி ஒருவரின் மகன். கண்ணில் பட்டதை, பட்டபடி வரைவான். உருளைக்கிழங்கு உரிக்கும் பெண், மேசைக்கடியில் தூங்கும் பூனை, அடைத்துக்கொண்ட புகைபோக்கியைத் திட்டும் கிழவர், இப்படி. வாங்குகிறவர்கள் குறைவு. ஒவ்வொரு வசந்தத்திலும் ஆல்ட்வின் ஓவியக் கழகத்துக்கு ஒரு படம் அனுப்புவான். ஒவ்வொரு வசந்தத்திலும் அது திரும்பி வரும். இந்தப் படத்துக்கு 'மீன்காரன் இன்னும் வரவில்லை' என்று பெயர் வைத்து அனுப்பினான். படம் திரும்பி வரவில்லை. கழகம் அவனைக் கூப்பிட்டனுப்பியது.

கழகத்தில் எந்தப் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று தீர்மானிக்கும் குழுவுக்குத் தொங்கவிடும் குழு என்று பெயர். பெயருக்கேற்ற முகங்களோடு அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர் சர் பெரிக்ரின் வாட்லி. பக்கத்தில் செயலாளர் ஸ்னெல்குரோவ்.

"ஹோல்ராய்டு, இதுல மீன்காரன் எங்கேய்யா?" என்றார் சர் பெரிக்ரின்.

"அவன் இன்னும் வரலீங்க."

"அதைத்தான் கேட்கிறேன். வராத ஆளைப் பத்தி ஒரு படமா? மீனாவது இருக்கா?"

"மீன் அவன்கிட்டதான் இருக்குங்க."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சர் பெரிக்ரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் கலையைப் பற்றிப் பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"ஒரு படத்தைப் பாத்தவன் வீட்டுக்குப் போய் மனைவியை ஒரு நிமிஷமாவது சந்தேகமாப் பாக்கணும், ஹோல்ராய்டு. அப்பத்தான் அந்தப் படம் அவனுக்கு ஏதோ நல்லது பண்ணியிருக்குன்னு அர்த்தம். மீனைப் பாத்துத் திருந்தினவன் எவனாவது உண்டா? நான் நாப்பது வருஷமா ஓவியம் பாக்கிறேன். ரசிச்சேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொண்ணையும் பாத்துக் கெட்டதைக் கண்டுபிடிச்சிருக்கேன்."

ஸ்னெல்குரோவ் தொண்டையைச் செருமினார். "விதி ரொம்ப எளிசு, மிஸ்டர் ஹோல்ராய்டு. தொப்பி போட்ட பொம்பளை கதவுகிட்ட நின்னா ஒண்ணு வெளிய போறா, இல்லாட்டி உள்ள வர்றா. வெளிய போறான்னா குடும்பத்தை விட்டு ஓடறா, மாட்ட முடியாது. உள்ள வர்றான்னா திருந்தி வர்றா, தாராளமா மாட்டலாம்."

"அவ போகவும் இல்ல, வரவும் இல்லீங்க. நிக்கிறா."

"நிக்கிறதுக்குக் கழகத்துல பிரிவு கிடையாது."

படத்துக்கு 'மன்னிப்பானா?' என்று பெயர் மாறியது. வேண்டாமென்றால் எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் சொன்னார்கள். எத்தனை வசந்தங்களாகத் திரும்பி வந்த படங்கள் பரண் நிறைய அடுக்கியிருக்கின்றன என்று ஜேபஸ் நினைத்துப் பார்த்தான். பெயர்தானே என்று தலையாட்டினான்.

"என்ன பேரு வெச்சாங்க?" என்று டார்கஸ் கேட்டாள்.

"மன்னிப்பானா."

"யாரு யாரை?"

"நான் உன்னை."

"எதுக்கு?"

"அதைப் பாக்கிறவங்க முடிவு பண்ணிக்குவாங்களாம்."

டார்கஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாக்கிறவர்கள் முடிவு பண்ணிக்கொண்டார்கள். மே மாதம் கண்காட்சி திறந்ததும் கூட்டம் அந்தப் படத்தின் முன்னால் அப்பிக்கொண்டது. பெண்கள் மயங்கி விழுந்தார்கள். மறுநாள் இரும்புக் கம்பித் தடுப்பு போட்டு ஒரு போலீஸ்காரரையும் நிறுத்தினார்கள். தாழ்ப்பாள் மேலிருந்த அந்தக் கை நடுங்குகிறதா இல்லையா என்று பத்திரிகைகளில் சண்டை நடந்தது. கோடை முடிவதற்குள் படத்தின் அச்சு, கண்ணாடிச் சட்டம் போட்டு, நாட்டில் பாதி வீடுகளின் முன்னறையில் மகாராணி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

கென்டிஷ் டவுனில் டார்கஸை எல்லாருக்கும் அடையாளம் தெரிந்தது. கசாப்புக் கடையில் பெண்கள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பாதிரியாரின் அக்கா தெருவில் நிறுத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பி வந்துட்டியேம்மா. அதுவே பெரிய விஷயம்."

"நான் எங்கேயும் போகலையே."

"அப்படித்தான் சொல்லணும். அப்படியே சொல்லிக்கிட்டு இரு," என்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டாட்ஸ் மீன் கொடுக்க மறுத்துவிட்டான். "நான் பிள்ளைகுட்டிக்காரன்மா. உங்க வாசல்ல வண்டியை நிறுத்தினா மத்த வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"

"அடப்பாவி! அன்னிக்கு நான் உனக்காகத்தானே நின்னேன்?"

"அய்யய்யோ, மெதுவாச் சொல்லுங்கம்மா!" என்று டாட்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியே போனான்.

அந்தக் குளிர்காலத்தில் ஜேபஸைக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். கறுப்பு அங்கியும் கழுத்தில் தொங்க ஒரு பதக்கமும் கிடைத்தன. விருந்தில் அவன் பக்கத்தில் ஃபர்னிவல் என்ற முதியவர் உட்கார்ந்திருந்தார். மாடு வரைவதில் இங்கிலாந்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை.

"உங்களுக்கு மாடுன்னா ரொம்பப் பிடிக்குமோ?" என்று ஜேபஸ் மரியாதைக்குக் கேட்டான்.

ஃபர்னிவல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "நான் கடல் வரைய வந்தவன்யா. முதல் படத்துல ஓரமா ஒரு மாடு வந்து நின்னுடுச்சு. அதை மட்டும் பாராட்டிட்டாங்க. இப்ப எனக்கு மாட்டைக் கண்டாலே நெஞ்சு படபடக்குது. உமக்கு என்ன?"

"கதவு."

"கதவு தேவலை," என்றார் ஃபர்னிவல். "உதைக்காது."

ஜேபஸ் வேடிக்கையாக எடுத்துக்கொண்டான். அந்த வசந்தத்தில் ஒரு உருளைக்கிழங்குப் படத்தை வியாபாரியிடம் எடுத்துப் போனபோதுதான் விஷயம் உறைத்தது. வியாபாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதவு இல்லாத ஹோல்ராய்டா? போலின்னு சொல்லிடுவாங்க சார்," என்று திருப்பிக் கொடுத்தார்.

"நானே நேர்ல நிக்கிறேனே. நான்தான் ஹோல்ராய்டு."

"இருக்கலாம் சார். படம் அப்படிச் சொல்லலையே."

உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜேபஸுக்கு ஒரு எண்ணம். அடுத்த படத்தில் அதே கதவு, அதே தொப்பி, வாசலில் கூடையோடு டாட்ஸ். கூடையில் மீன்கள் ஒவ்வொன்றும் செதில் செதிலாகத் தெரிந்தன. பெயர், 'மீன்காரன் வந்துவிட்டான்'. இதற்கு மேல் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

தொங்கவிடும் குழு ஒவ்வொருவராக எழுந்துபோய்ப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தது.

"ஆக, இவன்தான்," என்றார் சர் பெரிக்ரின் கடைசியில்.

"ஆமாங்க, இவன்தான் மீன்காரன்."

"வேஷம் பிரமாதம். மீன் கூடையோட வந்தா புருஷன் சந்தேகப்பட மாட்டான் பாருங்க. என்ன துணிச்சல்!" "ஹோல்ராய்டு, அவ மறுபடியும் விழுந்துட்டா. நாங்க யாரும் இதை எதிர்பாக்கலை. நான் எதிர்பாத்தேன்."

படத்துக்கு 'மீண்டும் அவன்!' என்று பெயர் வைத்தார்கள். இந்த முறை இரண்டு போலீஸ்காரர்கள். டாட்ஸ் கோபத்தோடு வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினான். ஆனால் அடுத்த மாதமே அவன் தெருவுக்குள் நுழைந்தால் ஜன்னல்கள் திறந்தன. தேவையில்லாதவர்களும் மீன் வாங்கினார்கள். அவன் மீசை வளர்த்துக்கொண்டான். டார்கஸ் வீட்டுப் பக்கம் மட்டும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய ஆளாகிவிட்டான்.

இனி அவளை என்ன செய்வது என்று முடிவெடுக்கக் கழகத்தின் மன்றம் கூடியது. ஜேபஸ் அங்கியோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"இந்தப் பெண் மேல எங்களுக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை," என்று சர் பெரிக்ரின் ஆரம்பித்தார். "நேத்து ராத்திரிகூட அவளை நினைச்சு என்னால சரியாச் சாப்பிட முடியலை. வாத்து மட்டும்தான் சாப்பிட்டேன். ஆனா ரெண்டு தடவை தப்புப் பண்ணினவளை மூணாவது படத்துல உயிரோட விட்டா, இந்த நாட்டுத் தாய்மார்களுக்கு நாம என்ன பதில் சொல்றது? அவ சாகணும். கருணையோட சாகணும். ஏப்ரலுக்குள்ள செத்தா படத்துக்குச் சட்டம் போட வசதியா இருக்கும்."

"ஐயா, அவ வீட்ல இருக்கா," என்றான் ஜேபஸ். "உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. காலையிலகூட ரெண்டு முட்டை சாப்பிட்டா."

"அது உம்ம குடும்ப விஷயம். மன்றத்துல குடும்ப விஷயம் பேசக் கூடாது."

அவன் வெளியே வந்து ஸ்னெல்குரோவைப் பிடித்தான். "நான் கழகத்தை விட்டு விலகிக்கிறேன். எப்படின்னு சொல்லுங்க."

செயலாளர் அவனை வாஞ்சையோடு பார்த்தார். "உறுப்பினர் விலகிறதுக்கு ஒரே வழிதான் மிஸ்டர் ஹோல்ராய்டு. அன்னிக்கு நாங்க எல்லாரும் வருவோம். மலர் வளையத்தோட."

வீட்டுக்கு வந்து அவன் விஷயத்தைச் சொன்னபோது டார்கஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பக் கொல்லப் போறே?"

"ஏப்ரலுக்குள்ள."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா என்ன வரைஞ்சு பிழைக்கிறது? கதவு தவிர எதையும் யாரும் தொட மாட்டேங்கறான். இது ஒண்ணு முடிஞ்சா கதையும் முடிஞ்சிடும். அப்புறம் நம்மளை விட்டுடுவாங்க, டார்கஸ்."

அவள் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு கட்டிலில் படுத்தாள். முதல் நாட்கள் நன்றாகத்தான் போயின. போர்வைக்குள் ஆப்பிளை ஒளித்துவைத்துக் கடிப்பாள். "சாகிறவளுக்குக் கன்னம் உப்பியிருக்கு பாரு," என்று அவன் அதட்டினால், விழுங்கிவிட்டு மறுபடியும் சாவாள். அவளும் சிரிப்பாள், அவனும் சிரிப்பான். அப்புறம் மாலை நேர வெளிச்சம் தலையணையில் விழ ஆரம்பித்தது. அவன் பேச்சைக் குறைத்தான்.

"ஜேபஸ், நீ என்னைப் பாத்துத்தான் வரையறியா?"

"பின்னே யாரை? அசையாதே."

"இல்லடா. நீ அவளைப் பாத்து வரையறே. என்னைத் தாண்டி எங்கேயோ பாக்கிறே."

தலையணையின் நிழல் நீலமா ஊதாவா என்று அவனுக்குப் பிடிபடாமல் இருந்தது.

அதுதான் அதுவரை அவன் வரைந்ததிலேயே நல்ல படம். நாடே அழுதது. கென்டிஷ் டவுன் வீட்டு வாசலில் மலர் வளையங்கள் வந்து குவிந்தன. கதவைத் திறந்து வாங்கப் போன டார்கஸைப் பார்த்து ஒரு பூக்கடைக்காரன் வளையத்தைப் போட்டுவிட்டு ஓடினான். ரொட்டிக் கடையில் ஒரு கிழவி அவள் முகத்துக்கு நேராக, "அவ்வளவு அழுதோமே உனக்காக, உனக்கு வெக்கமா இல்லை?" என்று கேட்டாள்.

ஸ்னெல்குரோவ் நேரிலேயே வந்தார். "அவங்க கொஞ்ச காலம் வெளியில தலை காட்டாம இருந்தா நல்லது. இறந்தவங்களுக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு பாருங்க," என்று டார்கஸை வைத்துக்கொண்டே ஜேபஸிடம் சொன்னார். அவள் கொண்டுவந்த தேநீரை அவர் கடைசிவரை கவனிக்கவேயில்லை.

அந்த வாரமே டார்கஸ் விட்பி என்ற கடலோர ஊரில் இருந்த தங்கையிடம் போய்விட்டாள். அங்கே தங்கையின் கணவர் மூர்க்கமான மெதடிஸ்டு, ஆடம்பரமே ஆகாத கிறிஸ்தவப் பிரிவு. வீட்டில் படமே மாட்ட மாட்டார்.

ஜேபஸ் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு கழக விருந்துகளில் உட்கார்ந்தான். உறுப்பினர்களின் மனைவிமார்கள் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள், பிறகு கல்யாணமாகாத தங்கைகளைக் கூட்டிவந்து அறிமுகம் செய்தார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் ரயிலேறி விட்பிக்குப் போனான். அங்கே யாருக்கும் அவர்களைத் தெரியாது. கடற்கரையில் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். வேகவைத்த கடல்நத்தை வாங்கி ஊசியால் குத்திச் சாப்பிட்டார்கள். காற்றில் அவன் தொப்பி பறந்துபோய்க் கடலில் விழுந்தது. அதைப் பார்த்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இனி இங்கேயே இருந்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. சொல்ல வாயெடுத்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

அன்றைக்குப் பாறைமேல் உட்கார்ந்து ஃபர்னிவல் யாருக்கும் தெரியாமல் கடலை வரைந்துகொண்டிருந்தார். தன் திருட்டு வெளியே வராமல் இருக்க அடுத்தவன் திருட்டை முந்திக்கொண்டு கழகத்தில் சொல்லிவிட்டார்.

மன்றம் மறுபடியும் கூடியது.

"துக்கம் முடியலை. அதுக்குள்ள வேற ஒரு பெண்ணோட கை கோத்துக்கிட்டு. வெளியிடத்துல. நத்தை வேற," என்றார் சர் பெரிக்ரின்.

"அவ என் மனைவிங்க!"

"உம்ம மனைவி வடக்குக் கூடத்துல செத்துக் கிடக்கிறா, ஹோல்ராய்டு. ஜனங்க வரிசையில நின்னு அழறாங்க. அத்தனை பேரும் பொய்யா அழறாங்கன்னு சொல்றீரா?"

"அது படம். இவ ஆளு."

"அந்தப் படத்துக்கு நாங்க பொறுப்பு. இந்த ஆளுக்கு யார் பொறுப்பு?"

ஜேபஸ் தலை குனிந்ததைப் பார்த்து மன்றம் இளகியது. தலைவரே எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். மனிதன் தனியாக வாழ முடியாது, அதைக் கழகம் அறியும். முறைப்படி அந்தப் பெண்ணைத் தேவாலயத்தில் திருமணம் செய்துகொண்டால் எல்லாரும் வந்து வாழ்த்துவார்கள். அடுத்த ஆண்டுக்குப் படமும் ஆயிற்று.

அவன் மறுபடியும் விட்பிக்குப் போனான். டார்கஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நமக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சுன்னு பாதிரியார்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். நம்ம படம் அவர் வீட்டு முன்னறையில தொங்குது. நீ செத்த அன்னிக்கு விசேஷமா ஜெபம் பண்ணினாராம். அதெல்லாம் வீணாயிடுமேன்னாரு."

"இதை நீ கேக்கிறியா, கழகம் கேக்குதா?"

ஜேபஸ் தொப்பியைக் கையில் சுற்றினான். "கழகம்தான் கேக்கச் சொல்லிச்சு. ஆனா ஆயிட்டா, நீ என்கூட வெளிய வரலாம். வேற பேருல."

அவள் அந்தத் தொப்பியை வாங்கி மேசையில் வைத்தாள். "சரி, வர்றேன்," என்றாள்.

திருமணத்தன்று தேவாலயத்தில் கழகம் முழுவதும் பதக்கங்களோடு வந்து உட்கார்ந்திருந்தது. டார்கஸ் சாம்பல் நிற உடையில் வந்தாள். பாதிரியார் ஜேபஸைக் கேட்டார். அவன் சம்மதம் என்றான். பிறகு அவளைக் கேட்டார்.

"இல்லை," என்றாள் டார்கஸ்.

சரியாகக் காதில் விழவில்லையோ என்று பாதிரியார் மறுபடியும் கேட்டார்.

"இல்லைங்க. முதல் தடவை கேட்டப்ப ஹாலிஃபாக்ஸ்ல, மழையில, இவனே கேட்டான். அப்ப சரின்னேன். இப்ப இல்லை."

அவள் திரும்பி நடந்தாள். நடைபாதையின் நடுவில் உயரமான ஜன்னலிலிருந்து ஒரு பட்டை வெயில் விழுந்துகொண்டிருந்தது. அதற்குள் வந்ததும் அவள் நின்று, ஒரே ஒருமுறை, அவன் வருகிறானா என்று திரும்பிப் பார்த்தாள்.

ஓடிப் போய் அவள் கையைப் பிடிக்க வேண்டும் என்று ஜேபஸுக்குத் தெரிந்தது. கால்களுக்கும் தெரிந்தது. ஆனால் அந்த வெயில் அவள் கன்னத்தில் விழுந்த விதம், அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு இன்னும் முழுதாக மூடாத உதடுகள். அவன் கை கோட்டுப் பைக்குள் போய்ப் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தது. டார்கஸ் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

சட்டப்படி அவள் அப்போதும் அவன் மனைவிதான். அது ஞாபகம் இருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டுமே.

அந்தப் படத்தை அவன் பொய் கலக்காமல் வரைந்தான். அந்த முகத்தைப் பார்த்தால் ஊமைக்கும் 'இல்லை' என்று கேட்கும். அதற்கு 'இல்லை' என்றே பெயர் வைத்து அனுப்பினான். தொங்கவிடும் குழு கண்கலங்கி, 'ஆனந்தத்தில் வாயடைத்த மணமகள்' என்று மாற்றி, கூடத்தின் நட்டநடுவே மாட்டியது. ஜேபஸை அங்கியோடு படத்தின் அருகிலேயே நிற்கவைத்தார்கள்.

கண்காட்சியின் கடைசி வாரத்தில், மலிவுக் கட்டண நாளில், கூட்டத்தோடு கூட்டமாக டார்கஸ் வந்து கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் பருத்திருந்தாள், கடல் வெயிலில் முகம் சிவந்திருந்தது. அந்தப் படத்தையும் அவளையும் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள்கூட அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஜேபஸ் மட்டும் கண்டுகொண்டான். பக்கத்தில் சர் பெரிக்ரின் ஒரு சீமாட்டிக்குப் படத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

டார்கஸ் அருகில் நின்ற பெண்ணிடம் கேட்டாள். "இந்தப் பொண்ணு என்னங்க சொல்றா?"

"பாத்தாத் தெரியலையாக்கும்? சரிங்கறா. சந்தோஷத்துல வார்த்தை வரலை, பாவம்."

"ஓ," என்றாள் டார்கஸ்.

பிறகு அவள் நிமிர்ந்து ஜேபஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வெளியூரில் வழி சொன்னவனைப் பார்ப்பதுபோல இருந்தது.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க," என்றாள்.

பின்னாலிருந்து போலீஸ்காரர், "நகரும்மா, நகரு," என்றார். சர் பெரிக்ரின் திரும்பி, ரசிகைக்குப் பதில் சொல்லும்படி ஜேபஸை முழங்கையால் மெல்ல இடித்தார்.

"ரொம்ப நன்றிங்கம்மா," என்றான் ஜேபஸ்.